நாலாவது தோட்டா

எங்கள் மாமாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சாராயம் இல்லை, சீட்டாட்டம் இல்லை, பேச்சு. அதுவும் தன் துப்பாக்கியைப் பற்றிய பேச்சு. அந்தப் பேச்சுதான் கடைசியில் அவரைத் தூக்குக் கயிற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்த விவகாரத்தில் நானும் புகுந்து ஒரு காரியம் செய்தேன். நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தேன். ஆனாலும் இன்றைக்கு நினைத்தால்கூட அதைச் செய்யாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

மாமா என்றால் என் அப்பாவின் அக்காள் புருஷன். அத்தைக்குப் பிள்ளை இல்லை. எங்கள் வீட்டிலோ வருஷத்துக்கு ஒன்றாகப் பிறந்துகொண்டிருந்தது. அதனால் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து என்னை ராஜபாளையத்துக்கு அனுப்பி அத்தை வீட்டில் விட்டுவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. அத்தை அதட்டுவாள், ஆனால் வயிறாரப் போடுவாள். மாமா அதட்டவே மாட்டார்.

மலையடிவாரத்துச் சோளக்கொல்லைகளில் இறங்கும் காட்டுப்பன்றிகளைச் சுடுவது மாமாவின் வேலை. அறுப்புக்கு அறுப்பு கொல்லைக்காரச் சம்சாரிகள் தானியம் அளந்து போடுவார்கள். வேட்டைக்குப் போன இடத்தில் கரடியிடமிருந்து தன்னைக் காப்பாற்றியதற்காக ஒரு ஜமீன்தார் அவருக்குச் சீமைத் துப்பாக்கி ஒன்றை லைசென்சோடு கொடுத்திருந்தார். ஊரில் மற்றவர்களிடம் இருந்ததெல்லாம் குழல் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிகள்தான். நூறு கஜத்துக்கு அப்பால் அவற்றால் சத்தம் போடலாம், அவ்வளவே. மாமாவுடையது பின்புறம் திறந்து பித்தளைத் தோட்டாவைச் செருகிச் சுடுவது. முந்நூறு கஜத்தில் நிற்கிற பன்றியைக் காதுக்குக் கீழே அடிப்பார். அது பொய்யில்லை. அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்ததுதான் வினை.

வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்களுக்குப் புரிக் கதை உண்டு. மோர் கேட்டு வந்தவர்கூடத் தப்ப முடியாது. குழலுக்குள் கண்ணை வைத்துப் பார்க்கச் சொல்வார். உள்சுவரில் வெட்டிய பள்ளம், கயிற்றில் புரி ஓடுவதுபோல், வளைந்து வளைந்து ஓடும். குண்டை நேராக அனுப்புவது மருந்து இல்லை, அந்தப் புரி கொடுக்கிற சுழற்சி என்பார். அவர் துப்பாக்கியில் புரி நிதானமாகத்தான் முறுக்கியிருந்தது. குட்டையான, லேசான குண்டுக்கு அது போதும். நீளக் குண்டைப் போட்டால் அந்தச் சுழற்சி பத்தாது. குட்டைப் பம்பரம் கொஞ்சம் சுற்றினாலும் நிற்கும், நெட்டைப் பம்பரத்துக்குச் சாட்டையை ஓங்கி இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் தள்ளாடி விழுந்துவிடும் என்று கையை ஆட்டி ஆட்டிக் காட்டுவார்.

இதை அவர் பட்டுத்தான் தெரிந்துகொண்டார். கனமான குண்டு ஓங்கி அடிக்கும் என்று எவனோ சொன்னதைக் கேட்டு, மதுரையிலிருந்து நீள அச்சு ஒன்றை வாங்கிவந்து, ஈயத்தை உருக்கி நாற்பது குண்டு வார்த்தார். கிட்டத்தில் சுட்டால் குற்றமில்லை. தூரம் போகப் போகக் குண்டு தலைகுப்புறப் புரண்டு, எங்கே போகிறது என்று அதற்கே தெரியாமல் போயிற்று. பலகையில் பட்டாலும் பக்கவாட்டில் பட்டு, அவரைக்காய் நீளத்துக்குக் கிழிசல் விழுந்தது. மிச்சக் குண்டுகளை ஒரு தகர டப்பாவில் போட்டு நெல் குதிருக்கு அடியில் தள்ளிவிட்டார். அந்தத் தோல்வியையும் கதையோடு கதையாகச் சேர்த்துக்கொண்டார். அத்தை அரிசி புடைத்துக்கொண்டே கஞ்சி ஆறுகிறது என்பாள். அவள் காதில் ஒரு சொல் விழுந்ததாகவும் தெரியாது.

அந்த மாசி மாதம் காட்டிலாகாவின் காவல்காரர் ஒருவரை யாரோ சுட்டுவிட்டார்கள். அவர் ஆற்றுக்கு அக்கரையில் ஒற்றையடிப் பாதையில் நின்றிருந்தார். வேட்டு இக்கரைப் பாறையிலிருந்து வந்தது. போலீசார் கயிறு பிடித்து அளந்து முந்நூற்றுச் சொச்சம் கஜம் என்றார்கள். குண்டு தொடையில் பாய்ந்து எலும்பை உடைத்திருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்தால் பிழைப்பார் என்று டாக்டர் சொன்னாராம்.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் மாமாவுக்கும் அந்தக் காவல்காரருக்கும் சண்டை. மாமா சுட்ட பன்றி காட்டு எல்லைக்குள் போய் விழுந்துவிட்டது என்று அவர் அதைப் பறித்துக்கொண்டார். சந்தையில் வைத்து மாமா அவரை நாலு பேர் கேட்க ஏசிவிட்டார். சம்பவத்தன்று மாமா கொல்லைப் பரணில் தனியாக இருந்தார். பார்த்த சாட்சி பன்றிகள்தான்.

இன்ஸ்பெக்டர் வந்து தெருவில் விசாரித்தார். அவ்வளவு தூரத்தில் சுடக்கூடியவர் யார் என்று கேட்டார். அவ்வளவுதான், எங்கள் தெருக்காரர்களுக்குப் பெருமை பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. மாமா பேரில் அவர்களுக்கு அத்தனை பிரியம். செக்கு வைத்திருந்தவர், முந்நூறு கஜம் அவருக்குக் கை எட்டுகிற தூரம் என்றார். நாவிதர், ஓடுகிற பன்றியின் எந்தக் கண் என்று நாம் சொன்னால் அந்தக் கண்ணில் அடிப்பார் என்றார். எதிர்வீட்டுக்காரர் அதெல்லாம் பழைய கணக்கு, இப்போது நானூறு என்று கூட்டிக்கொடுத்தார். இப்படிப்பட்ட கெட்டிக்காரரை ஒன்றும் செய்துவிட மாட்டார்கள் என்று நம்பித்தான் ஆளாளுக்கு வாரி வழங்கினார்கள். இன்ஸ்பெக்டர் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டு, கைரேகையும் வாங்கிக்கொண்டு, மாமாவையும் துப்பாக்கியையும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோய்விட்டார்.

அத்தை அழவில்லை. காலையில் சமைத்து, தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு போகிற வண்டியில் தொற்றி ஏறிப் போவாள். லாக்கப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, மாமா சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். நீங்களா சுட்டீர்கள் என்று அவள் ஒரு தடவையாவது கேட்டு நான் பார்த்ததில்லை.

ஒருநாள் நாங்கள் இருக்கும்போதே வக்கீல் வந்தார். முகாமுக்கு வந்திருந்த வெள்ளைக்கார மாஜிஸ்ட்ரேட் துரையிடம் வழக்கு போயிருக்கிறது, துரை வேட்டைக்காரர், மாமாவின் துப்பாக்கியால் மாமாவையே அதே தூரத்தில் பலகையைச் சுடச் சொல்லிப் பார்க்கப்போகிறார் என்றார். பலகையில் அடித்துவிட்டால் அதுவே சாட்சி. ஏனென்றால் அந்த வட்டாரத்தில் அந்தத் தூரம் அடிக்கக்கூடிய துப்பாக்கி வேறு இல்லை. காவல்காரர் பிழைத்தால் அந்தமான், செத்தால் தூக்கு. அதைச் சொல்லிவிட்டு வக்கீல் கம்பிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளிச் சுட்டுவிடுங்கள், காரியம் முடிந்தது என்று கிசுகிசுத்தார்.

மாமா கையைக் கழுவிவிட்டு நிதானமாகப் பதில் சொன்னார்.

"நான் சுடல சாமி. சுடாதவன் எதுக்குத் தப்பாச் சுடணும்? வேணும்னே தள்ளிச் சுட்டா, நாந்தான் அந்த ஆளச் சுட்டேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரில்ல ஆயிரும். என்னால ஆகாது. பலகைய வைக்கச் சொல்லுங்க, அடிக்கேன்."

வக்கீல் தலையில் அடித்துக்கொண்டு போனார். அத்தை தூக்குச்சட்டியை மூடினாள். மாமா சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வக்கீல் சொன்னதில் அந்தமானும் தூக்கும் என் தலைக்கு மேல் போய்விட்டன. கதைகளில் ராஜா வில்லாளியைக் கூப்பிட்டுச் சோதித்தால் என்ன நடக்கும்? அவன் குறி பார்த்து அடிப்பான், ராஜா மகிழ்ந்து முத்துமாலையைக் கழற்றிப் போடுவார். துரையும் மாமாவை விட்டுவிட்டு ஏதாவது கொடுத்தனுப்புவார் என்று நான் முழுசாக நம்பினேன். எங்கள் தெருவும் அப்படித்தான் நம்பியது.

மறுநாள் காலையில் சேவகன் ஒருவன் வந்து, நாளை மறுநாள் சோதனை, வீட்டில் இருக்கும் தோட்டாக்களை அப்படியே கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் தலை தெருமுனையில் மறைந்ததும் அத்தை என்னைப் பார்த்துக் கதவைச் சாத்தச் சொன்னாள். மாமாவின் மரப்பெட்டியைத் திறந்து தோட்டாக்களைத் துணியில் கொட்டினாள். பிறகு குதிருக்கு அடியில் கையை விட்டு அந்தத் தகர டப்பாவை இழுத்தாள்.

எனக்குத் திக்கென்றது. குறட்டால் ஒவ்வொரு தோட்டாவின் மூக்கையும் பிடித்து, இப்படியும் அப்படியும் அசைத்து, குட்டைக் குண்டை வெளியே எடுத்தாள். கூட்டிலிருந்த மருந்தில் கொஞ்சத்தைக் கொட்டிவிட்டு, அந்த இடத்தில் நீளக் குண்டை ஆழமாக அமுக்கி இறக்கினாள். மூக்கு மட்டும் பழையபடி வெளியே தெரிந்தது. பார்ப்பதற்கு ஒரு வித்தியாசமும் இல்லை. தூக்கிப் பார்த்தால்தான் கனம் தெரியும். எந்தக் கதையைக் காதிலேயே வாங்காதவள் என்று நினைத்திருந்தேனோ, அந்தக் கதைப்படியே அவள் கை ஒரு வரி பிசகாமல் வேலை செய்தது.

"அது மாமாவுக்கு ஆகாத குண்டுல்லா அத்தை?" என்று கேட்டேன்.

அவள் நிமிரவில்லை. "ஏட்டி, இது நீ பாக்கல. ஒரு சொல்லு வெளிய போச்சுன்னா அம்புட்டுதான், மாமாவையும் பாக்க மாட்ட, என்னையும் பாக்க மாட்ட."

குட்டைக் குண்டுகளையும் அவற்றின் அச்சையும் முந்தானையில் முடிந்து, கொல்லைக் கிணற்றில் போடப் போனாள். அந்த இடைவெளியில், இன்னும் கை வைக்காத தோட்டா ஒன்று துணி மடிப்பில் கிடந்ததைப் பார்த்தேன். எடுத்துப் பாவாடை நாடாவில் செருகிக்கொண்டேன். பெரிய யோசனை ஒன்றும் கிடையாது. மாமாவின் பேச்சைக் கேட்டுக் கேட்டு அத்தைக்குச் சலித்துவிட்டது, அவரை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்கப் பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. மாமாவுக்கு ஒரு நல்ல தோட்டாவாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். அவசரத்தில் அத்தை எண்ணிப் பார்க்கவில்லை.

சோதனை ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய திருவண்ணாமலைக் குன்றுக்குப் பின்பக்கம் பொட்டலில் நடந்தது. எங்கள் தெருவே கட்டுச்சோற்றோடு வந்து இறங்கியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். தூரத்தில் சுண்ணாம்பு அடித்த ஒரு கதவுப் பலகையை நட்டு, அதில் கரியால் ஆள் உருவம் வரைந்திருந்தார்கள். நாங்கள் நின்ற இடத்திலிருந்து பார்க்க அது கட்டைவிரல் அளவுதான் இருந்தது. துரை நாற்காலியில் உட்கார்ந்து தூரம் பார்க்கிற கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்ஸ்பெக்டரும், பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு குமாஸ்தாவும் நின்றார்கள்.

மாமாவைக் கொண்டுவந்து விலங்கை அவிழ்த்தார்கள். தோட்டாப் பையை இன்ஸ்பெக்டர் அவரிடம் கொடுத்தார். மாமா ஒன்றை எடுத்தார். உள்ளங்கையில் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு கையை மூடிக்கொண்டு கூட்டத்தில் தேடினார். அத்தையைக் கண்டதும் தேடுவதை நிறுத்தினார். அத்தை அவரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். என் தோளை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டாள். மாமா ஆண்டாளைக் கும்பிட்டுக்கொள்கிறார் என்று நினைத்தேன். இன்ஸ்பெக்டர் அதட்டிய பிறகுதான் அவர் தோட்டாவைச் செருகினார்.

முதல் வேட்டு. குண்டு காற்றில் விர்ரென்று வண்டு பறப்பதுபோல் இரைந்துகொண்டு போனது. பலகைக்கு எத்தனையோ தள்ளிப் புழுதி எழும்பியது. கூட்டம் சிரித்தது, சும்மா விளையாட்டுக்குச் சுடுகிறார் என்று. இரண்டாவதும் அதே இரைச்சல். இந்தத் தடவை பலகையின் ஓரத்தில் பட்டது. மூன்றாவது எங்கே போனது என்றே தெரியவில்லை. எதிர்வீட்டுக்காரர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

துரை எழுந்து பலகை வரை நடந்து போனார். அதன் ஓரத்தில் விழுந்திருந்த கிழிசலில் விரலை வைத்து அளந்துவிட்டுத் திரும்பி வந்தார். வந்து மாமாவை ஏற இறங்கப் பார்த்து ஏதோ கேட்டார். குமாஸ்தா தமிழில் சொன்னார்: குண்டு சுழலாமல் புரண்டு போயிருக்கிறது, இது இந்தத் துப்பாக்கிக்கு ஏற்ற குண்டே இல்லை, உன்னிடம் வேறு விதமான குண்டு உண்டா என்று துரை கேட்கிறார்.

மாமா வாயைத் திறப்பதற்குள் நான் அத்தையின் கையை உதறிக்கொண்டு ஓடினேன். துரையே கேட்டுவிட்டாரே. இதைவிட நல்ல நேரம் எப்போது வரும்? பாவாடை நாடாவிலிருந்து தோட்டாவை உருவி மாமாவின் கையில் வைத்தேன்.

"மாமா, இதப் போடுங்க" என்றேன்.

மாமா அதைக் கையில் வாங்கினார். வாங்கிய மறுகணமே அவர் முகம் வெளிறிப்போயிற்று. இன்ஸ்பெக்டர் இரண்டே எட்டில் வந்து, அது என்ன, தனியாக எங்கிருந்து வந்தது என்று கேட்டார். திரும்பிப் பார்த்தேன். அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

"பையில இருந்து ஒண்ணு கீழ விழுந்துருக்கும் போல. புள்ள எடுத்துட்டு வந்துருக்கா. என்கிட்ட எல்லாம் ஒரே குண்டுதான்" என்றார் மாமா.

குமாஸ்தா மாற்றிச் சொன்னார். துரை என் அழுகை முட்டிய முகத்தைப் பார்த்தார், மாமாவின் கையைப் பார்த்தார். அப்படியானால் அதையும் சுடட்டும் என்றார்.

மாமா அந்தத் தோட்டாவைச் செருகினார். ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்தார். மூன்று வேட்டுக்கும் எடுத்துக்கொள்ளாத நேரத்தை இதற்கு எடுத்துக்கொண்டார். அவர் கழுத்து வழியாக வேர்வை இறங்கி முதுகில் ஓடியது. துரை கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணை மூடாமல், இப்போது பாருங்கள் இப்போது பாருங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வேட்டு வெடித்தது. வண்டு இரைச்சல் இல்லை. சாட்டையைச் சொடுக்கியதுபோல் சுருக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பலகைக்கு இடப்பக்கம், ஒரு முழம் தள்ளிப் புழுதி எழும்பியது.

துரை கண்ணாடியை இறக்கிவிட்டுச் சிரித்தார். இன்ஸ்பெக்டரிடம் ஏதோ நீளமாகப் பேசினார். குமாஸ்தா எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: காவல்காரர் தொடையில் விழுந்தது வட்டமான ஓட்டை, நேராக வந்த குண்டு, இந்தத் துப்பாக்கியும் இந்தக் குண்டும் சேர்ந்தால் இந்தத் தூரத்தில் யானையைக்கூட அடிக்க முடியாது, இந்த மனிதனை வீணாகப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். போகிறபோக்கில், ஊரில் வாய்வீச்சைக் குறைத்துக்கொள்ளும்படியும் மாமாவுக்குப் புத்தி சொல்லச் சொன்னாராம்.

சுட்டது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. காவல்காரர் ஒரு காலை இழந்து பிழைத்துக்கொண்டார்.

வண்டியில் திரும்பி வரும்போது எனக்கு ஒரு பக்கம் மாமாவும் மறுபக்கம் அத்தையும் உட்கார்ந்திருந்தார்கள். தெருக்காரர்கள் முன்வண்டியில் போனார்கள். முந்நூறு கஜமாம் முந்நூறு கஜம் என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். காலையில்தான் அவர்கள் மாமாவை விட்டுக்கொடுக்காமல் பேசிக்கொண்டு வந்தார்கள். மாமா அதைக் கேட்டும் கேளாதவர்போல் மாட்டின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார். பலகையை அடித்தால்தான் விடுவார்கள் என்று நினைத்தேனே, அடிக்காமலே விட்டுவிட்டார்களே என்று எனக்கு ஒரே குழப்பம். ஆனால் அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று இருந்தது. மாமா அப்படியொன்றும் பெரிய குறிக்காரர் இல்லை என்பது இப்போது எனக்கே தெரிந்துபோயிற்று.

வீட்டுக்கு வந்ததும் மாமா குளிக்கப் போனார். அத்தை விளக்கை ஏற்றிவிட்டு அடுப்பில் உலை வைத்தாள். பல நாளைக்குப் பிறகு அவள் முகம் தெளிந்திருந்தது. என்னைப் பக்கத்தில் இழுத்து, கீழே கிடந்ததை எடுத்துக்கொண்டு அப்படி ஓடலாமா, உயிரே போய்விட்டது என்று செல்லமாக அதட்டினாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அவள் செய்ததைச் சொல்லக் கூடாது என்றுதானே சொன்னாள். நான் செய்ததைச் சொல்லலாம் என்று எண்ணிச் சொல்லிவிட்டேன்.

"அது கீழ கிடந்தது இல்ல அத்தை. நீங்க மாத்துறதுக்கு முந்தியே நான் எடுத்து ஒளிச்சு வச்சிருந்த நல்ல தோட்டா. அதக் குடுத்துங்கூட மாமாவுக்கு அடிக்கத் தெரியல."

அத்தை கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். கிணற்றடியில் மாமா தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கமே பார்த்தாள். பிறகு அடுப்புக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்து, முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அத்தனை நாள் லாக்கப்பு வாசலில் நின்றபோது அழாதவள், தோள் குலுங்கக் குலுங்க அழுதாள்.

புருஷனுக்குக் குறி வைக்கத் தெரியாது என்று தெரிந்ததும் அத்தைக்கு இப்படி மனசு விட்டுப்போயிற்றே என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது. அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அழாதீங்க அத்தை, அடுத்த தடவை மாமா சரியாச் சுட்டிருவாக என்று தேற்றினேன்.